பாட்டி கேட்ட கேள்வி

ஓர் ஊர். அதன் பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அக்டோபர் 2. காந்தி பிறந்த நாள். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கிராம சபை கூடியிருக்கிறது. நாலைந்து பெஞ்சு, ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு மைக். ஊராட்சித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஊராட்சி செயலர் நின்றுகொண்டு வாசிக்கிறார். அவர் கையில் தடித்த காகிதக் கட்டு ஒன்று. அதுதான் அந்த ஊரின் ஐந்தாண்டுத் திட்டம்.

வாசிப்பு மெயில் வண்டி போல் ஓடுகிறது. எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை.

"தெருவிளக்கு... சிமெண்டு சாலை... மேல்நிலைத் தொட்டி... கழிவுநீர்க் கால்வாய்... எல்லாருக்கும் சம்மதந்தானே? கையைத் தூக்குங்க!"

கைகள் எழுகின்றன. சிலர் பக்கத்தில் இருப்பவர் தூக்கியதைப் பார்த்துத் தூக்குகிறார்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. டீயும் வந்துவிட்டது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நிற்கிறாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு ஆத்தா."

"சுடுகாட்டுப் பாதையிலே வாய்க்கால் மேலே பாலம் போடறதா இப்ப வாசிச்சீங்க. போன தடவையும் வாசிச்சீங்க. அதுக்கு முந்தின தடவையும் வாசிச்சீங்க. நானும் ரெண்டு தடவையும் கையைத் தூக்கினேன். பாலம் எங்கே தம்பி?"

சிலர் சிரிக்கிறார்கள். தலைவர் செயலரைப் பார்க்கிறார். செயலர் காகிதக் கட்டைப் பார்க்கிறார்.

"பழைய புத்தகம் ஆபீசிலே இருக்கு ஆத்தா. பார்த்துச் சொல்றோம்."

"போன ஐப்பசியிலே எங்க வீட்டுக்காரரை இடுப்பளவு தண்ணியிலே தூக்கிக்கிட்டுப் போனாங்க. என் முறைக்காவது பாலம் வருமா?"

சிரிப்பு நின்றுவிடுகிறது.

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல. பாலத்துக்குப் பதிலாக ஓர் ஊரில் குடிநீர்த் தொட்டி. இன்னோர் ஊரில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். வேறோர் ஊரில் தூர் வாராத குளம். திட்டம் எழுதப்படுகிறது, கைகள் எழுகின்றன, காகிதம் பீரோவுக்குப் போகிறது. அடுத்த திட்டம் வரும்போது பழைய திட்டத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வருவார் இல்லை. நோய் அங்கேதான் இருக்கிறது. பழைய திட்டத்தைப் படித்துக் காட்டாமல் புதிய திட்டத்துக்குக் கை தூக்கச் சொல்லக் கூடாது. ஊரார் தூக்கவும் கூடாது.

யாருடைய கூட்டம்?

கிராம சபை என்பது தலைவர் கூட்டும் கூட்டம்தானே, தலைவர் இஷ்டம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு.

நாட்டின் அரசியல் சட்டத்தில் 1992-ல் 73-வது திருத்தம் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். இதற்குச் சந்தா இல்லை. சிபாரிசு வேண்டாம். பதினெட்டு வயதாகிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதும். பண்ணையாரும் உறுப்பினர், அவர் வயலில் நாற்று நடும் பெண்ணும் உறுப்பினர்.

தலைவர் பதவி ஐந்து ஆண்டு. வார்டு உறுப்பினர் பதவியும் ஐந்து ஆண்டு. கிராம சபைக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. அது கலைவதே இல்லை.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் நடந்தது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை ஆயிற்று. அதுவரை தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சிகள் இருந்தன. தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. ஆனால் அப்போதும் கிராம சபை இருந்தது. ஏனென்றால் ஊர் இருந்தது.

1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இந்தச் சபைக்குக் கொடுத்திருக்கும் வேலைகள் என்ன? ஊர்த் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது. வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது. தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது. நடக்கும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ஆராய்வது. இந்தக் கடைசி வேலையைத்தான் அந்தப் பாட்டி செய்தாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சட்டம் சொன்னதை அவள்தான் செய்தாள்!

பெயருக்கு நாலு பேர் கூடித் தீர்மானம் போடவும் சட்டம் இடம் தரவில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேராவது வர வேண்டும். 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய சபையை ஆறு முறை கூட்டுவது என்று 2022-ல் அறிவித்தார்கள். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவை அந்த ஆறு நாட்கள்.

திட்டம் என்றால் என்ன?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் கொத்து வேலை செய்கிறான். மனைவி தையல் தைக்கிறாள். பெண் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். இன்னும் ஏழு ஆண்டில் அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். கூரை பழசாகி ஒழுகுகிறது. கூரைக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்களே, அதற்குப் பெயர்தான் திட்டம்.

"ஓட்டு வீடு வேண்டும், மோட்டார் சைக்கிள் வேண்டும், டி.வி. வேண்டும்" என்று எழுதி வைத்தால் அது திட்டம் ஆகாது. அது ஆசைப் பட்டியல். பணம் எங்கிருந்து வரும், எந்த மாதம் வரும், முதலில் எது என்று எழுதினால்தான் அது திட்டம்.

ஊருக்கும் இதே கணக்குதான். ஊராட்சித் திட்டத்துக்கு 2015-ல் வகுத்த வழிமுறைகள், ஐந்து ஆண்டுக்கு ஒரு நெடுநோக்குத் திட்டமும், அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு திட்டமும் எழுதச் சொல்கின்றன. இது வெறும் காகித வேலை அல்ல. பெரிய பணம் பின்னால் இருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஐந்து ஆண்டுகளுக்கு 14-வது நிதிக் குழு நாடெங்கும் உள்ள கிராம ஊராட்சிகளுக்கென்று சிபாரிசு செய்த தொகை 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

பல ஊர்களில் இந்தத் திட்டம் எப்படி எழுதப்படுகிறது? போன ஆண்டுக் காகிதத்தை எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். பக்கத்து ஊர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயை ஊரே கை தூக்கி வரவேற்கிறது!

ஓடந்துறை போட்ட கணக்கு

திட்டம் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறையைப் பார்க்க வேண்டும்.

1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே தலைவராக இருந்தவர் சண்முகம். ஊருக்குக் குடிநீர் வந்தது, தெருவிளக்கு வந்தது. கூடவே மின்சாரக் கட்டணமும் வந்தது! மோட்டார் ஓட ஓடக் கட்டணம் ஏறியது. தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது. கட்டணம் கட்டாமலும் இருக்க முடியாது. ஊராட்சியின் வருமானத்தை மின்சாரமே தின்றுவிடும் போல் இருந்தது.

வழக்கமாக என்ன செய்வார்கள்? மேலே மனுப் போடுவார்கள். மானியம் கேட்பார்கள். ஓடந்துறை வேறு வழியில் யோசித்தது. மின்சாரத்தை வாங்கிக்கொண்டே இருப்பதற்குப் பதில் மின்சாரத்தை உண்டாக்கினால் என்ன?

2006-ல் அந்த ஊராட்சி சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட் காற்றாலை. விலை சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த பணம் சுமார் 40 லட்சம். மீதி வங்கிக் கடன். காற்றாலையைத் தன் எல்லைக்குள்தான் வைக்க வேண்டும் என்று ஓடந்துறை பிடிவாதம் பிடிக்கவில்லை. காற்று நன்றாக வீசும் இடம் உடுமலைப்பேட்டை பக்கத்து மைவாடி. அங்கேயே நிறுத்தியது.

ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் மின்சாரம் கிடைத்தது. ஊராட்சிக்கு வேண்டியது சுமார் நாலரை லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்திலிருந்து கடனையும் அடைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது காற்றாலையை விடக் கணக்கு. கையில் 40 லட்சம் இருந்தபோது, "அடுத்த தேர்தலுக்குள் கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது கட்டிவிடுவோம்" என்று அதைச் செலவழித்திருக்கலாம். கல்வெட்டில் பெயரும் போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஆறேழு ஆண்டு பொறுத்தால் கடன் தீரும், அதன் பிறகு ஊருக்கு நிரந்தர வருமானம் என்று கணக்குப் போட்டார்கள். காற்றாலை வந்த அதே 2006-ல் தலைவரின் பதவிக்காலமும் முடிந்தது. பலனை அனுபவித்தது பின்னால் வந்த ஊராட்சி. நெடுநாள் திட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் ஊரார்.

"வேண்டாம்" என்றும் எழுத வேண்டும்

திட்டம் என்றாலே "இது வேண்டும், அது வேண்டும்" என்பதுதான் வழக்கம். "இது வேண்டாம்" என்று எழுதி முன்னேறிய ஊரும் உண்டு.

மகாராஷ்டிர மாநிலத்தில் அகமத்நகர் மாவட்டத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு சிற்றூர். அந்த மாவட்டத்துக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். மலையின் மழை மறைவில் இருக்கும் வறண்ட பூமி. 1970-களின் பஞ்சத்துக்குப் பிறகு பலர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போனார்கள். இருந்தவர்களுக்குச் சாராயமும் சண்டையும் துணை.

1989-ல் போபட்ராவ் பவார் என்ற பட்டதாரி இளைஞர் ஊராட்சித் தலைவரானார். ஊரார் கூடித் திட்டம் எழுதினார்கள். மலைச் சரிவில் வரப்பு வெட்டினார்கள். மரம் நட்டார்கள். ஓடும் தண்ணீரை நிறுத்தித் தரைக்குள் இறங்க வைத்தார்கள். இவை "வேண்டும்" பட்டியல்.

"வேண்டாம்" பட்டியல் இன்னும் முக்கியமானது. மரம் வெட்டக் கூடாது. மாட்டைக் காட்டில் அவிழ்த்து விடக் கூடாது. விவசாயத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. தண்ணீரை உறிஞ்சும் கரும்பு பயிரிடக் கூடாது. கரும்பில் காசு உண்டு என்று யாருக்குத் தெரியாது? தெரிந்துதான் வேண்டாம் என்றார்கள். ஒருவன் கரும்பு போட்டால் பத்துப் பேர் கிணறு வற்றும் என்று கணக்குப் பார்த்தார்கள்.

அந்த ஊரில் ஆண்டுதோறும் தண்ணீருக்கும் பட்ஜெட் போடுகிறார்கள். எவ்வளவு மழை பெய்தது என்று அளக்கிறார்கள். குடிக்க எவ்வளவு, ஆடு மாடுகளுக்கு எவ்வளவு என்று முதலில் ஒதுக்குகிறார்கள். மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் என்ன பயிர் செய்வது என்று ஊர்ச் சபையில் முடிவு செய்கிறார்கள். மழை குறைந்தால் பயிரும் குறையும். போபட்ராவ் பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தஞ்சையில் ஆறு உண்டு, இராமநாதபுரத்தில் கண்மாய் உண்டு. அந்த ஊர்த் திட்டம் இங்கே அப்படியே பொருந்தாது. அந்தத் துணிச்சல் பொருந்தும். தமிழ்நாட்டு ஊராட்சித் திட்டம் எதிலாவது, "இந்த ஏரிக்குள் இனி ஒரு பட்டாவும் கேட்கக் கூடாது, இந்த வாய்க்காலில் இனி ஒரு கடையும் வரக் கூடாது" என்று எழுதி ஊரே கை தூக்கினால், அந்த ஒரு வரி பத்துச் சிமெண்டுச் சாலைக்குச் சமம்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய விதி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலம் 919, 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த குடவோலை முறையை அவை சொல்கின்றன. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம். தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம்.

எல்லோரும் குடவோலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே கல்வெட்டில் உள்ள இன்னொரு விதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது!

பழம்பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கே அங்கே இடம். உழுதவனுக்கு இடம் இல்லை. பெண்ணுக்கு இடம் இல்லை. அந்தக் குறையை இன்றைய சட்டம் நீக்கிவிட்டது. வாக்காளர் எல்லோரையும் சபையில் உட்கார வைத்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய சபை விடாப்பிடியாகக் கேட்ட கணக்கை இன்றைய சபை கேட்கிறதா? உரிமை பெருகியது, கேள்வி குறைந்துபோயிற்று.

தலைவர் பக்கமும் நியாயம் உண்டு

எல்லாப் பழியையும் தலைவர் தலையில் கட்டுவதும் முறை அல்ல.

வரும் பணத்தை எல்லாம் அவர் நினைத்தபடி செலவழிக்க முடியாது. 2021 முதல் 2026 வரை 15-வது நிதிக் குழு கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப் போடப்பட்டிருந்தது. மீதி நாற்பது பங்கில்தான் மற்ற வேலைகள். சில வேலைகளுக்கு மேலே அனுமதி வாங்க வேண்டும். நீர்வளத் துறை வாய்க்காலில் பாலம் கட்டுவதென்றால் அந்தத் துறை சம்மதிக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் என்றால் இன்னொரு துறை.

ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி போன்றவை. வீட்டு வரி கேட்டுப் போனால், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று கதவைச் சாத்துபவர்களும் ஊரில் உண்டு. வரி கட்டாதவர் தெருவிளக்கு எரியவில்லை என்று சத்தம் போடுகிறார். இதுவும் நடக்கிறது.

தலைவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். தடை என்ன என்பதை ஊராரிடம் சொல்ல வேண்டும். "பாலத்துக்கு மூன்று தடவை எழுதினோம், இந்த ஆபீசில் நிற்கிறது, இந்தத் தேதியில் போட்ட கடிதம் இது" என்று சபையில் காட்டினால் யார் கோபிப்பார்கள்? நூறு பேர் கையெழுத்திட்டு ஒரு மனுவாக அனுப்புவார்கள். ஒரு தலைவர் போய் நின்றால் காத்திருக்கச் சொல்லும் ஆபீஸ், ஊரே போய் நின்றால் நாற்காலி போடும்.

வாய் திறக்காதவர்கள்

"கிராம சபைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும்" என்பார்கள். உண்மைதான். கூலிக்காரனுக்கு ஒரு நாள் என்பது அடுப்பு எரியும் விஷயம். ஆனால் தொட்டியில் தண்ணீர் ஏறாததால் அவன் மனைவி தினம் ஒரு மணி நேரம் குடத்தோடு நடக்கிறாளே, அதற்குக் கூலி யார் தருகிறார்கள்? வீட்டிலிருந்து ஒருவராவது போய்வந்தால் போதும்.

போனாலும் பேசுவது யார் என்று பார்க்க வேண்டும். முன் வரிசையில் வெள்ளை வேட்டிகள். பின் வரிசையில் பெண்கள். அதற்கும் பின்னால், வெயிலில், காலனிக்காரர்கள். திட்டத்தின் முதல் பக்கத்தில் யார் தெருவுக்குச் சாலை வரும் என்பதை இந்த வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் தனி இடங்கள் உண்டு. இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதால் இந்த ஊர்களில் 1996-லிருந்து பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது. பத்து ஆண்டு போராடி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, திட்டத்தை வேறு யாரோ எழுதுவதென்றால் அந்த நாற்காலி எதற்கு?

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுகிறார்கள். நூறு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிறார்கள். அந்தப் பெண்கள் பத்துப் பேர் ஒன்றாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தால் மெயில் வண்டி வாசிப்பு தானாகப் பாசஞ்சர் வண்டி ஆகிவிடும்.

கேட்க வேண்டியது மூன்று

படித்தவர்தான் கேள்வி கேட்க முடியும் என்பது இல்லை. கை நாட்டு வைப்பவரும் கேட்கலாம். கேட்க வேண்டியவை மூன்றே மூன்று.

முதல் கேள்வி: போன திட்டத்தில் எழுதியது என்ன ஆயிற்று? எழுதியவை எத்தனை, முடிந்தவை எத்தனை, நின்றவை ஏன் நின்றன? இதைச் சொன்ன பிறகே புதிய திட்டத்தை வாசிக்க வேண்டும்.

இரண்டாவது: இதற்குப் பணம் எங்கிருந்து, எப்போது வரும்? "அரசாங்கம் தரும்" என்பது பதில் ஆகாது. எந்த நிதி, எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது: கட்டிய பிறகு பார்த்துக்கொள்வது யார்? தொட்டி கட்டப் பணம் வருகிறது. அதைக் கழுவ ஆள் வேண்டாமா? மோட்டார் எரிந்தால் மாற்றுவது யார்? கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கே? பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் எல்லாம் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் கட்டியவை.

இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகக் கை தூக்கலாம். பதில் வராவிட்டால், "பதில் வரவில்லை" என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். அடுத்த சபையில் அந்த வரியிலிருந்து தொடங்கலாம். இதில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கட்சியும் இல்லை. மளிகைக் கடையில் சீட்டைச் சரிபார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. ஐந்து ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் ஒப்புக்கொள்ளலாமா?

ஊராட்சிகளும் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கலாம். திட்டத்தைச் சபை நாளில் வாசிப்பதற்கு ஒரு வாரம் முன்பே, பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டலாம். பள்ளிப் பிள்ளைகள் படித்து வீட்டில் சொல்லும். பாட்டிகள் கேள்வியோடு வருவார்கள்.

பீரோ திறந்தது

வேப்ப மரத்தடியில் அந்தப் பாட்டி இன்னும் உட்காரவில்லை.

"ஆபீசு தூரமா தம்பி? இதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கந்தானே இருக்கு. நாங்க இருக்கோம். புத்தகத்தை எடுத்துக்கிட்டு வாயேன்" என்கிறாள்.

"ஆமாம், எடுத்து வாங்க!" என்று ஒரு பெண் குரல் கொடுக்கிறாள். அப்புறம் இன்னொரு பெண். அப்புறம் முன் வரிசையில் ஒரு வெள்ளை வேட்டியும் திரும்பிப் பார்த்து, "எடுத்துட்டு வாங்க, பார்த்துடலாம்" என்கிறது.

செயலர் தலைவரைப் பார்க்கிறார். தலைவர் தலையை ஆட்டுகிறார். செயலர் சாவியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார். தூசி தட்டிய புத்தகம் வருகிறது. "சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் பாலம்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை. கடிதம் போன தேதி இல்லை. பதில் வந்த தேதியும் இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர் மைக்கைக் கையில் எடுக்கிறார்.

"இது எங்க தப்புதான். இன்னிக்கே கடிதம் எழுதுவோம். அடுத்த சபையிலே முதல் வேலையா இதைச் சொல்றேன்."

"நீங்க சொல்றதை அந்தப் புத்தகத்திலேயே எழுதிடுங்க" என்கிறாள் பாட்டி.

செயலர் பேனாவைத் திறக்கிறார். அந்த வரியை எழுதி, தேதி போட்டு, மைக்கில் உரக்க வாசித்துக் காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் பாட்டி உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் எடுக்கிறாள்.